உள்ளேன் ஐயா

பள்ளிப் படிப்பை முடித்து முப்பது, நாற்பது ஆண்டுகள் சென்ற பின்னர் ஒரு நாள் நமக்கு ஓர் அழைப்பு வருகிறது. முன்னாளில் அஞ்சலட்டையில் வந்திருக்கும். இந்நாளில் கைப்பேசியில் வாட்ஸாப் வழியே வருகிறது. நம் வகுப்பில் பயின்றோர் அனைவரும் பொங்கலுக்கு மறு வாரம் பழைய பள்ளியில் கூடுகிறோம், தவறாது வருக என்பது செய்தி. தில்லியிலோ மும்பையிலோ கொல்கத்தாவிலோ பிலாயிலோ குடியிருக்கும் நாம் அதைப் படித்தவுடன் மகிழ்கிறோம். மகிழ்ந்த மறு கணமே உள்ளத்தில் ஒரு தயக்கம் தலைகாட்டுகிறது. விடுப்புக் கிடைக்குமா, வண்டியில் இடம் கிடைக்குமா, குளிர் நாளில் வீட்டாரை விட்டுச் செல்லலாமா என்று காரணங்களை அடுக்குகிறோம். இவை யாவும் மேற்போக்கான காரணங்களே. உண்மைக் காரணம் அவற்றிற்கு அடியில் ஒளிந்திருக்கிறது. அதை வெளியே கொணர்ந்து பார்ப்பது நலம்.

உடன் பயின்றோர் பின்னாளில் சந்திப்பதைப் பற்றி நம் நாட்டில் வழங்கும் பழங்கதைகள் இரண்டு உண்டு. ஒன்று கண்ணனும் குசேலரும் சந்தித்த கதை. சாந்தீபனி முனிவரிடம் ஒன்றாகப் பயின்றவர்கள் அவர்கள். ஒருவன் துவாரகைக்கு அரசனானான். மற்றவர் வறுமையில் வாடினார். கந்தைத் துணியில் அவலை முடிந்துகொண்டு வந்த தோழரை அரசன் ஓடி வந்து தழுவிக்கொண்டான். மற்றொன்று துரோணரும் துருபதனும் சந்தித்த கதை. பரத்துவாசரின் ஆசிரமத்தில் ஒன்றாகப் பயின்ற காலத்தில், தான் அரசனானால் துரோணருக்கும் அதில் பங்கு உண்டு என்று வாக்களித்தவன் துருபதன். அரசனான பின்னர், சமமானவர்க்கிடையேதான் நட்பு நிலவும் என்று கூறி, நாடி வந்த தோழரை இழிவுபடுத்தினான். அந்த ஒரு சொல்லினால் விளைந்த பகை பாரதப் போர்க்களம் வரையில் தொடர்ந்தது.

அழைப்பைப் படிக்கும் நம் உள்ளம் முதற் கதையை எண்ணி மகிழ்கிறது. இரண்டாவது கதையை எண்ணி அஞ்சுகிறது. நாம் போற்றப்படுவோமா, இகழப்படுவோமா என்பதே நம் கவலை. நாமே துருபதனாகி விடுவோமோ என்ற அச்சம் மட்டும் நமக்கு எளிதில் எழுவதில்லை. வெளி மாநிலம் சென்று ஓரளவு வசதி பெற்றுவிட்ட நாம், இந்த மூன்றாவது அச்சத்தையும் சேர்த்துக்கொள்வது நல்லது.

தயக்கத்தின் முதற் காரணம் எடை போடப்படுவோம் என்ற எண்ணம். தோழர்கள் கூடியவுடன் எழும் கேள்விகள் இரண்டே. "இப்போது எங்கே இருக்கிறாய்?" என்பது ஒன்று, "என்னவாக இருக்கிறாய்?" என்பது மற்றொன்று. கேட்பவர் தீய எண்ணத்துடன் கேட்பதில்லை. ஆயினும் விடை கூறுபவர் உள்ளத்தில் ஒரு தராசு ஆடத் தொடங்கிவிடுகிறது. இத்தராசு புதியதன்று, பள்ளியே நமக்குக் கற்றுத் தந்தது. மாதந்தோறும் மதிப்பெண் அட்டையில் முதலிடம், பத்தாமிடம், நாற்பதாமிடம் என்று வரிசைப்படுத்தித்தான் நம்மை வளர்த்தார்கள். நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னர் அந்த வரிசை எவ்வாறு மாறியிருக்கிறது என்று காண ஆவல் எழுவதும், அதில் நம் இடம் தாழ்ந்திருக்குமோ என்று கூச்சம் எழுவதும் இயல்பே.

இரண்டாவது காரணம் வெளி மாநிலத்தில் வாழும் நமக்கே உரியது. ஊரிலேயே தங்கிவிட்ட தோழர்கள் அடிக்கடி சந்திக்கிறார்கள். ஒருவர் வீட்டுத் திருமணத்தில் மற்றவர் பந்தி பரிமாறுகிறார். ஒருவர் வீட்டுத் துக்கத்தில் மற்றவர் தோள் கொடுக்கிறார். நாமோ பல ஆண்டுகளாக எதற்கும் செல்லவில்லை. யார் வீட்டில் யார் மறைந்தார் என்பதை அறியாமல், "அப்பா நலமா?" என்று கேட்டு, எதிரில் நிற்பவர் முகம் வாடுவதைக் காண நேருமோ என்று அஞ்சுகிறோம். பேச்சினிடையே "அச்சா" என்ற சொல் நம்மை அறியாமல் புகுந்துவிடும், சுற்றியிருப்போர் நகைப்பர். பிள்ளைகளுக்குத் தமிழ் படிக்கத் தெரியுமா என்று ஒருவர் கேட்டுவிட்டால் நம்மில் பலர் விடையின்றி நிற்க நேரும். இவற்றையெல்லாம்விட வருத்துவது வேறொன்று. பெற்றோர் மறைந்து, வீடும் விற்பனையான பின்னர், பிறந்த ஊரிலேயே தங்கும் விடுதியில் அறை எடுத்துத் தங்குவதுதான் அது. பதிவேட்டில் நிலையான முகவரி என்னும் இடத்தில் தில்லி முகவரியை எழுதும்போது கை சற்றே தயங்கும்.

ஊரில் இருப்போர் மனத்திலும் இத்தகைய கூச்சம் உண்டு என்பதை நாம் மறந்துவிடுகிறோம். வெளியூர் சென்றவன் நம்மை மதிப்பானா என்று அவர்கள் எண்ணுகிறார்கள். ஊரோடு இருப்பவர் நம்மை அயலானாகக் கருதுவாரோ என்று நாம் எண்ணுகிறோம். ஒருவர்மீது ஒருவர் இல்லாத இகழ்ச்சியை ஏற்றிவைத்துக்கொண்டு, இரு சாராரும் ஒதுங்கி நிற்கிறோம். நேரில் அமர்ந்து ஒரு வேளை உணவு உண்டால் இந்த ஐயத்தில் பெரும்பகுதி நீங்கிவிடும்.

மூன்றாவது காரணம் மிக ஆழமானது. பள்ளி நாட்கள் எல்லோருக்கும் இன்ப நாட்களாக அமைந்தனவல்ல. பிரம்படியை நினைத்தால் இன்றும் உள்ளங்கை கூசுகிறவர்கள் உண்டு. மாணவர்களை அடிப்பதும் மனம் நோகச் செய்வதும் கூடாது என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் இன்று கூறுகிறது. அன்று அத்தகைய காவல் இல்லை. சாதியின் பெயரால் தனியே அமர்த்தப்பட்டவர்களும், சம்பளம் கட்டாததற்காக வகுப்பிற்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களும், உடற்குறையைச் சுட்டும் பட்டப்பெயரால் அழைக்கப்பட்டவர்களும் நம்முடன் படித்தவர்களே. நாம் வேடிக்கை என்று நினைவுகூர்வது அவர்களுக்குக் காயமாக இருக்கலாம். அத்தகையோர் ஒருவர் வர மறுத்தால், செருக்கு மிக்கவர் என்று பழி கூறுதல் முறையன்று. வராமல் இருக்கவும் அவருக்கு உரிமை உண்டு.

இவ்வளவு தயக்கங்கள் இருந்தும் அழைப்பை ஒதுக்கிவிட நம்மால் இயலவில்லை. அதற்கும் காரணம் இருக்கிறது. நினைவாற்றலைப் பற்றி ஆராய்ந்த உளநூலார் ஓர் உண்மையைக் கூறுகின்றனர். நடுவயதைக் கடந்தவர்களிடம் வாழ்க்கை நிகழ்ச்சிகளை நினைவுகூரச் சொன்னால், பத்து வயதிலிருந்து முப்பது வயதிற்குள் நிகழ்ந்தவை மற்றப் பருவத்து நிகழ்ச்சிகளைவிட மிகுதியாக வெளிப்படுகின்றன. டேவிட் ரூபினும் உடன் ஆய்வாளர் இருவரும் 1986ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரை இதனைத் தெளிவாக எடுத்துக் காட்டியது. சென்ற ஆண்டு எந்த அலுவலகக் கூட்டத்தில் என்ன பேசினோம் என்பது நினைவில் இல்லை. எட்டாம் வகுப்பில் சாளரத்தருகே யார் அமர்ந்திருந்தார் என்பது நினைவில் இருக்கிறது. ஆகவே அந்நாட்களை நாடுவதை வெறும் முதுமையின் பலவீனம் என்று ஒதுக்க வேண்டுவதில்லை; மனித மனத்தின் அமைப்பே அவ்வாறு உள்ளது.

மேலும், வெளி மாநிலத்தில் நம் பெயருக்கு நேர்ந்த கதியை எண்ணிப் பாருங்கள். தமிழ்நாட்டில் தந்தையின் பெயர் ஓர் எழுத்தாக முன்னே நின்றது. வடக்கே வந்தவுடன் அந்த எழுத்தை விரித்து எழுதச் சொன்னார்கள். விரித்ததைக் குடும்பப் பெயராக்கினார்கள். விளைவு, அலுவலகத்தில் பலர் நம்மைத் தந்தையின் பெயரால் அழைக்கிறார்கள். நம் சொந்தப் பெயரை, அதிலும் அதன் பாதியை உரிமையுடன் கூவி அழைக்கக்கூடியவர்கள் பெற்றோருக்குப் பின்னர் யார் இருக்கிறார்கள்? பள்ளித் தோழர்களே இருக்கிறார்கள்.

பிறந்த நாளின் கதையும் இத்தகையதே. அந்நாளில் பள்ளியில் சேர்க்கும்போது, வலக் கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடக் காதைத் தொடச் சொல்லி வயதை அறிவார்கள். தொட்டுவிட்டால், ஜூன் மாதத்துப் பள்ளித் திறப்பிற்கு ஏற்ற ஒரு நாளைத் தலைமையாசிரியர் பிறந்த நாளாகக் குறித்துவிடுவார். அந்த நாளே எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் ஏறியது, அதைக் கணக்கிட்டே அரசுப் பணியிலிருந்து ஓய்வும் பெற்றோம். நம் ஏடுகள் யாவும் கூறும் பிறந்த நாள் உண்மையானதன்று என்பதை அறிந்து நம்முடன் சேர்ந்து நகைக்கக்கூடியவர்கள் உடன் படித்தவர்களே. பதவியும் ஊதியமும் நம்மீது படிவதற்கு முன்னர் நாம் யாராக இருந்தோம் என்பதற்கு அவர்கள் சாட்சிகள். அவ்வாறே அவர்களுக்கு நாம் சாட்சிகள். இச்சாட்சியத்தைக் காசு கொடுத்துப் பெற இயலாது. ஒருவர் மறையும்போது நம் இளமையில் ஒரு பகுதிக்குச் சாட்சி இல்லாமற் போகிறது.

ஆயினும் உடன் படித்த அனைவரும் நண்பர்கள் என்று மயங்கவும் வேண்டா. பிசிராந்தையாரும் கோப்பெருஞ்சோழனும் ஒருவரை ஒருவர் காணாமலேயே உயிர் நட்புக் கொண்டிருந்தனர். நாமோ ஆறு ஆண்டுகள் ஒரே பலகையில் அமர்ந்தும் நட்புக் கொள்ளாமற் போனவர்கள் பலர். திருவள்ளுவர் நட்பைப் பற்றித் தொடர்ந்து ஐந்து அதிகாரங்கள் அமைத்தார். நட்பு, நட்பாராய்தல், பழைமை, தீ நட்பு, கூடா நட்பு என்பன அவை. நட்பிற்கு ஓர் அதிகாரம் வகுத்தவர், பழைமைக்கெனத் தனியே ஓர் அதிகாரம் வகுத்ததை எண்ணுக. பழகியதனால் வரும் உரிமை ஒன்று உண்டு. அவ்வுரிமையால் ஒருவர் எல்லை மீறி ஒரு சொல் சொன்னாலும், ஒரு செயல் செய்தாலும் அதைப் பொறுத்துக்கொள்வதே பழைமைக்கு அழகு என்பது அப்பகுதியின் கருத்து. பள்ளித் தோழர் கூட்டத்தில் நாம் எதிர்பார்க்க வேண்டியது இந்தப் பழைமையே. நாற்பது பேரும் உயிர்த் தோழராவர் என்று எதிர்பார்த்துச் சென்றால் ஏமாற்றமே மிஞ்சும். நாற்பது பேருடன் பழைய உரிமையோடு ஒரு நாள் இருந்து வரலாம் என்று சென்றால் நிறைவு கிட்டும்.

2018ஆம் ஆண்டில் '96' என்னும் தமிழ்த் திரைப்படம் வெளிவந்தது. 1996ஆம் ஆண்டில் பள்ளிப் படிப்பை முடித்த தஞ்சை மாணவர்கள் மீண்டும் கூடுவதும், அங்கே பழைய அன்பு ஒன்று வெளிப்படுவதும் அதன் கதை. திரையில் காணும் காதல் எல்லாக் கூட்டங்களிலும் நிகழ்வதன்று. ஐம்பதைக் கடந்தவர்கள் கூடினால், காதலைவிடச் சர்க்கரை நோயும் மூட்டு வலியுமே மிகுதியாகப் பேசப்படும். அப்பேச்சிலும் ஓர் ஆறுதல் இருக்கத்தான் செய்கிறது.

இனி, நாம் வலியுறுத்த விரும்பும் ஒன்றைக் கூறுவோம். வகுப்பறையில் நாள்தோறும் ஆசிரியர் வருகைப் பதிவேட்டை விரித்துப் பெயர்களைப் படிப்பார். "உள்ளேன் ஐயா" என்று ஒவ்வொருவராக விடையளிப்போம். நன்றாகப் படிப்பவன், படிக்காதவன் என்ற வேறுபாடு அந்த ஒரு நிமிடத்தில் மட்டும் இருந்ததில்லை. அகரவரிசையில் எவன் பெயர் முன்னே வருகிறதோ அவனே முதல்வன். பழைய மாணவர் கூட்டம் மதிப்பெண் பட்டியலைப் பின்பற்றலாகாது. வருகைப் பதிவேட்டையே பின்பற்ற வேண்டும்.

அப்பதிவேட்டில் இடையிடையே சிவப்பு மையால் அடிக்கப்பட்ட பெயர்கள் இருந்தன. தந்தை இறந்ததனால் ஒன்பதாம் வகுப்பில் நின்றவன், கடையில் எடுபிடி வேலைக்குச் சென்றவன், பருவம் எய்தியதனால் பள்ளிக்கு அனுப்பப்படாத பெண், தேர்வில் தவறியதனால் பின்தங்கிவிட்டவன் ஆகியோரின் பெயர்கள் அவை. 1956ஆம் ஆண்டில் காமராசர் ஆட்சிக் காலத்தில் மதிய உணவுத் திட்டம் பரவத் தொடங்கிய பின்னர், பசியினால் பள்ளியை விட்டு நின்றவர் தொகை குறைந்தது என்பது உண்மை. முற்றிலும் நீங்கியது என்று கூறுவதற்கில்லை. இன்று கூட்டம் கூட்டுபவர்கள் இறுதித் தேர்வு எழுதியவர்களின் பட்டியலையே கையில் எடுக்கிறார்கள். 1978இல் மேல்நிலை வகுப்புகள் தொடங்குவதற்கு முன் படித்தவர்களாயின் பதினோராம் வகுப்புப் பட்டியல். அதற்குப் பின் படித்தவர்களாயின் பன்னிரண்டாம் வகுப்புப் பட்டியல். இடையில் நின்றவர் எந்தப் பட்டியலிலும் இல்லை. அவர் அதே ஊரில், பள்ளிக்கு இரண்டு தெரு தள்ளி, மிதிவண்டி பழுது பார்த்துக்கொண்டிருக்கக்கூடும். இரண்டாயிரம் கிலோமீட்டர் பயணம் செய்து நாம் வருகிறோம். இரண்டு தெரு தள்ளி இருப்பவர் அழைக்கப்படவில்லை. இதனினும் வருந்தத்தக்கது என்ன இருக்கிறது?

பெண்களின் நிலையும் இதுவே. திருமணத்திற்குப் பின் ஊர் மாறியது. பெயரின் முதலெழுத்தும் மாறியது. ஆதலால் அவர்களைத் தேடிக் கண்டுபிடிப்பது கடினம். கண்டுபிடித்தாலும், பழைய ஆண் தோழர்கள் கூடும் இடத்திற்குச் செல்வதற்கு வீட்டில் விளக்கம் கூற வேண்டியவர் பலர். கணவனையும் பிள்ளைகளையும் உடன் அழைத்து வரலாம் என்று அழைப்பிலேயே தெளிவாகக் குறிப்பிட்டால் வழி எளிதாகும். கணவனை இழந்தவரையோ, பிரிந்து வாழ்பவரையோ தனியே வரும்போது கேள்விகளால் துளைக்காதிருப்பதும் நம் கடமை.

கூட்டம் நடத்துவோருக்கு இன்னும் சில கூறலாம். வெளி மாநிலத்தார் வரவேண்டுமானால் நாளை முன்கூட்டியே அறிவித்தல் வேண்டும். இரயிலில் முன்பதிவு செய்யும் காலம் 120 நாட்களிலிருந்து 60 நாட்களாக 2024 நவம்பர் முதல் குறைக்கப்பட்டது. பொங்கல், கோடை விடுமுறை நாட்களில் தில்லியிலிருந்து சென்னைக்கு இடம் கிடைப்பது அரிது. ஆகையால் மூன்று மாதங்களுக்கு முன்னரே நாள் தெரிந்தால் நாமும் அதற்கேற்ப ஆயத்தமாகலாம். செலவுப் பங்கை எல்லோர்க்கும் ஒரே அளவில் விதித்தல் கூடாது. இயன்றவர் இயன்றதைத் தரட்டும். தந்தவர் பெயரும் தொகையும் மேடையில் படிக்கப்பட வேண்டா. அறிமுகம் செய்துகொள்ளும்போது பதவியைக் கூறாமல், எந்தப் பலகையில் அமர்ந்திருந்தோம் என்பதைக் கூறலாம். ஆசிரியர்களை அழைக்கும்போது, மணி அடித்தவரையும் சத்துணவு சமைத்தவரையும் மறவாது அழைப்போம். மறைந்த தோழர்களின் பெயர்களையும் ஒருமுறை படித்து, ஒரு நிமிடம் எழுந்து நிற்போம்.

பள்ளிக்கு உதவி செய்வதும் புதிய வழக்கமன்று. 1958ஆம் ஆண்டு முதல், கல்வி இயக்குநராயிருந்த நெ. து. சுந்தரவடிவேலு அவர்களின் முயற்சியால் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் தமிழகமெங்கும் நடைபெற்றன. ஊர் மக்களே பலகையும் கட்டடமும் உடையும் வழங்கினர். 2022 டிசம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' என்னும் திட்டமும் முன்னாள் மாணவர்களின் பங்கை நாடுவதே. தொலைவில் வாழும் நாம் ஆண்டுதோறும் நேரில் செல்ல இயலாவிடினும், இவ்வழியில் அப்பள்ளியோடு தொடர்பு கொள்ளலாம்.

வெளி மாநிலத்திலேயே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளையும் இங்கே நினைத்தல் வேண்டும். அவர்களுக்குப் பழைய பள்ளி என்பது தாமிரபரணிக் கரையிலோ காவிரிக் கரையிலோ இல்லை. 1923ஆம் ஆண்டில் தோன்றிய தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் தலைநகரில் ஏழு பள்ளிகளை நடத்தி வருகிறது. மும்பை மாதுங்காவில் 1932ஆம் ஆண்டில் தோன்றிய தென்னிந்தியக் கல்விச் சங்கமும் அத்தகையதே. இவற்றில் பயின்றோர் இன்று சென்னையிலும் பெங்களூரிலும் கடல் கடந்த நாடுகளிலும் இருக்கிறார்கள். நாம் தெற்கு நோக்கிச் செல்வது போல், அவர்கள் தம் வகுப்புத் தோழர்களைக் காண வடக்கு நோக்கி வருவார்கள். தோழர்களில் பஞ்சாபியரும் வங்காளியரும் இருப்பர். பிள்ளைகள் நம் ஊர்ப் பள்ளியைக் கண்டு உருகவில்லையே என்று நாம் வருந்த வேண்டுவதில்லை. தம் இளமைக்குச் சாட்சியானவர்களை நாடும் உணர்வு அவர்களுக்கும் உண்டு. இடம் மட்டுமே வேறு.

ஆகவே, அழைப்பு வரும்போது தயங்குவதில் தவறொன்றும் இல்லை. தயக்கத்தை வைத்துக்கொண்டே விடை எழுதலாம். விடை எழுதும்போது ஒரு வரி கூடுதலாக எழுதுவோம். "ஒன்பதாம் வகுப்பில் நின்றுவிட்ட நம் தோழன் இப்போது எங்கே இருக்கிறான்? அவனையும் அழைத்தீர்களா?" என்று கேட்போம். அந்தக் கேள்விக்கு விடை தேடி இரண்டு பேர் ஊரில் கிளம்பினால், கூட்டம் நடைபெறும் முன்னரே அதன் பயனில் பாதி கைகூடிவிடும். அந்த நாள் அவனும் வந்து அமர்ந்து, யாரேனும் ஒருவர் பழைய பதிவேட்டின் வரிசைப்படி பெயர்களைப் படிக்கும்போது, அவன் குரலும் நம் குரலும் ஒரே அளவில் ஒலிக்கட்டும்.